வீடா, வீட்டில் இருப்பவனா?

ஒலக்கூரில் எங்கள் தெருக் கோடியில் இரண்டு வீடுகள் இருக்கின்றன. தம் இரண்டு பிள்ளைகளுக்குள் பாகத்தில் மனத்தாங்கல் வந்துவிடக் கூடாது என்று ஒரு தகப்பனார் கட்டிக் கொடுத்தவை. ஒரே கொத்தனார், ஒரே சூளைச் செங்கல், ஒரே அளவு அறைகள், ஒரே மாதிரி ஜன்னல்கள். இரண்டும் கிழக்குப் பார்த்த வாசல். இரண்டு வீட்டிலும் நான்கு நான்கு பேர். புதிதாக வருகிறவர்கள் ஒரு வீட்டுக்குப் போவதற்குப் பதிலாக மற்றொரு வீட்டுக்குள் நுழைந்து விடுவதுண்டு. அவ்வளவு ஒற்றுமை. ஆனால், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மின்சார மீட்டரைக் கணக்கெடுக்க வருகிறவர் குறித்துக் கொடுக்கும் யூனிட்டுகள் மட்டும் ஒற்றுமையாக இருப்பதில்லை. மூத்தவர் வீட்டில் ஒரு பங்கு என்றால், இளையவர் வீட்டில் ஏறக்குறைய இரண்டு பங்கு.

இதற்கு ஊரில் மூன்று விளக்கங்கள் உண்டு. மீட்டர் கோளாறு என்கிறார் ஒருவர். இளையவரின் மனைவி பட்டணத்தில் வளர்ந்தவள் என்கிறார் இன்னொருவர். மூத்தவர் கருமி, அவ்வளவுதான் என்கிறார் மூன்றாமவர். ஆக, குற்றம் யந்திரத்தின் மீது, அல்லது வளர்ப்பின் மீது, அல்லது குணத்தின் மீது! ஊரார் எல்லோருமே ஒரு வகையில் கதாசிரியர்கள்தாம். காரணம் தெரியாத இடத்தில் ஒரு பாத்திரத்தைப் படைத்துவிடுகிறார்கள். ஆயினும், இந்த மூன்று விளக்கங்களுக்கும் பின்னால் நின்றுகொண்டு ஒரு கேள்வி என்னை விடாமல் கேட்கிறது. மின்சாரத்தைச் செலவழிப்பது வீடா, வீட்டில் இருப்பவனா?

இது சிக்கனக் கணக்குப் பார்க்கும் கேள்வி என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. நம் சுவரில் இருக்கும் சுவிட்சு நம் சுவரோடு முடிந்து விடுவதில்லை. அதன் மறு நுனி நெய்வேலியிலோ வேறு எங்கோ இருக்கிறது. நெய்வேலியில் 1962-லிருந்து பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரம் எடுத்து வருகிறார்கள். அந்த நிலக்கரிக்காக வயல்களும் குடியிருப்புகளும் இடம் பெயர்ந்தன. நாம் ஒரு விளக்கை வீணாக எரிய விடும்போது யாரோ ஒருவருடைய பழைய கொல்லைப்புறத்தையும் கொஞ்சம் சேர்த்து எரிக்கிறோம். ஆகவே இது தர்மத்தைப் பற்றிய கேள்வி. தர்மத்தில் முதலில் தெரிய வேண்டியது, செய்தவன் யார் என்பது.

எங்கள் தெருக் கோடியில் நடக்கிற இந்த வேடிக்கையை அமெரிக்காவில் பல ஆண்டுகள் உட்கார்ந்து ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பின்னால் படித்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நியூ ஜெர்ஸி மாகாணத்தில் ட்வின் ரிவர்ஸ் என்று ஒரு குடியிருப்பு. வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகள். 1970-களில், பெட்ரோலியத் தட்டுப்பாடு உலகத்தையே கலக்கிய காலத்தில், பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்து விஞ்ஞானிகள் ராபர்ட் சோகொலோவின் தலைமையில் அந்த வீடுகளின் எரிபொருள் கணக்கை எடுத்தார்கள். ஒரே மாதிரி வீடுகள், ஒரே குளிர், ஒரே விதமான கணப்பு யந்திரம். அப்படியிருந்தும் ஒரு வீட்டின் செலவு இன்னொரு வீட்டின் செலவைப் போல் இரண்டு மடங்குக்கு மேலும் இருந்தது.

"சுவரில் எங்கேனும் விரிசல் இருக்கலாம், கொத்தனார் ஒரு வீட்டைச் சரியாகப் பூசாமல் விட்டிருக்கலாம்" என்று சந்தேகப்படுகிறவர்கள் உண்டல்லவா? அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க ஸோண்டெரெகர் என்ற ஆராய்ச்சியாளர் ஒரு நல்ல வழி கண்டுபிடித்தார். குடி மாறிய வீடுகளையும் குடி மாறாத வீடுகளையும் தனித் தனியே பிரித்தார். பழைய குடித்தனம் போய்ப் புதுக் குடித்தனம் வந்த பிறகும் செலவு பழையபடியே இருந்தால் குற்றம் வீட்டினுடையது. செலவு மாறிவிட்டால் அது மனிதர்களுடையது. 1978-ல் அவர் வெளியிட்ட முடிவு இதுதான்: ஒரே மாதிரி வீடுகளுக்கிடையே இருந்த வேற்றுமையில் பெரும் பகுதி குடியிருப்பவர்களோடு வந்தது, அவர்களோடு போயிற்று. பானை சட்டியோடு பழக்கத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்!

அப்படியானால் தீர்ப்புச் சொல்லிவிடலாமா? செலவழிப்பது வீடல்ல, வீட்டில் இருப்பவனே என்று முடித்துவிடலாமா? அவசரப்பட வேண்டாம்.

இந்தக் காலத்தில் பெரிய கட்டடம் ஒன்று எழும்புவதற்கு முன்பே அது ஆண்டுக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடுகிறார்கள். அதற்கென்றே கம்ப்யூட்டர் நிரல்கள் இருக்கின்றன. ஓர் ஆண்டின் 8,760 மணி நேரத்தையும் ஒவ்வொரு மணியாக எடுத்துக்கொண்டு, அந்த மணியில் சூரியன் எந்தக் கோணத்தில் நிற்கிறது, சுவர் வழியாக எவ்வளவு வெப்பம் உள்ளே வருகிறது, விளக்குகள் எவ்வளவு சூட்டைக் கக்குகின்றன என்றெல்லாம் கூட்டிக் கழிக்கிறது யந்திரம். மனிதனும் அந்தக் கணக்கில் உண்டு. சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடல் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. அந்தக் கணக்குப்படி நீங்களும் நானும் ஆளுக்கொரு பழைய குண்டு பல்பு!

சுவரின் கணக்கு சரியாக வருகிறது. சூரியனின் கணக்கும் சரியாக வருகிறது. மனிதனின் கணக்குத்தான் உதைக்கிறது. ஒன்பது மணிக்கு வருவான், ஆறு மணிக்குப் போவான், வெளிச்சம் போதுமென்றால் விளக்கை அணைப்பான் என்று அவனுக்கு ஓர் அட்டவணை எழுதி யந்திரத்துக்குள் போடுகிறார்கள். கட்டடம் எழும்பிக் குடியேறிய பிறகு பார்த்தால், காகிதத்தில் கண்ட செலவு வேறு, மீட்டர் காட்டும் செலவு வேறு. இந்த இடைவெளி எத்தனையோ நாடுகளில் நிபுணர்களுக்குத் தலைவலியாக இருந்து வருகிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கீழ், குடியிருப்போரின் நடத்தையை எப்படிக் கணக்கில் கொண்டு வருவது என்பதற்காகவே 2013-ல் ஒரு தனி ஆய்வுத் திட்டம் ஆரம்பித்துப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் கூடி உழைத்தார்கள்.

இந்த ஆராய்ச்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இங்கிலாந்தில் ஹன்ட் என்பவர் செய்தது. அலுவலக அறைகளில் மனிதர்கள் விளக்கை எப்போது போடுகிறார்கள், எப்போது அணைக்கிறார்கள் என்று கவனித்து 1979-ல் எழுதினார். அவர் கண்டது என்ன தெரியுமா? காலையில் அறைக்குள் நுழையும் அந்த ஒரு கணத்தில்தான் மனிதன் யோசிக்கிறான். மேஜை மேல் வெளிச்சம் குறைவாகத் தோன்றினால் விளக்கைப் போடுகிறான். அதற்குப் பிறகு வெளியே வெயில் எவ்வளவு ஏறினாலும் அவன் கை சுவிட்சைத் தேடிப் போவதில்லை. அறையை விட்டு எல்லோரும் வெளியேறும்போதுதான் விளக்கு அணைகிறது. ஒருவருக்குமே கெட்ட எண்ணம் கிடையாது. ஊதாரித்தனமும் கிடையாது. ஒரு கணம் யோசித்தான். மற்ற நேரமெல்லாம் அந்த யோசனையின் விளைவில் உட்கார்ந்திருந்தான், அவ்வளவுதான். நம் வாழ்க்கையில் பெரும்பாலான பாவங்கள் இப்படித்தான் நடக்கின்றன என்று எனக்குத் தோன்றுகிறது. செய்கிற பாவத்தைவிட, செய்ததை மாற்றாமல் விடுகிற பாவமே அதிகம்.

மனிதனை இப்படிக் கணக்கில் அடைப்பது அவனை அவமதிப்பதாகாதா என்று ஒரு நண்பர் என்னிடம் கேட்டார். நான் அப்படி நினைக்கவில்லை. கதை எழுதுகிறவனும் இதையேதான் செய்கிறான். என் கதையில் வருகிற ஒரு குமாஸ்தா இன்ன சமயத்தில் இன்னது செய்வான் என்று நான் எழுதும்போது, உலகத்திலுள்ள குமாஸ்தாக்கள் எல்லோரும் அப்படியே செய்வார்கள் என்று சத்தியம் செய்யவில்லை. அப்படிச் செய்யக்கூடியவன் ஒருவன் இருக்கிறான் என்று மட்டுமே சொல்கிறேன். கணக்குக்காரரும் நூறு பேரில் எழுபது பேர் இப்படிச் செய்யக்கூடும் என்று மட்டுமே சொல்கிறார். அந்த எழுபதில் நான் ஒருவனாக இருந்துதான் தீர வேண்டும் என்று எந்த யந்திரமும் எனக்குக் கட்டளையிடவில்லை. மீதி முப்பது பேர் இருக்கிற இடம் காலியாகவே இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம்.

ஆனால், அந்த நிபுணர்களில் சிலர் பேசுகிற ஒரு பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. கட்டடம் சரியாகத்தான் இருக்கிறது, உள்ளே வந்த மனிதன்தான் கெடுத்துவிட்டான் என்கிற பேச்சு. மனிதனைக் கணக்கின் பிழையாகப் பார்ப்பது இது. யாருக்காக வீடு கட்டினோமோ, அவனே வீட்டின் குறை என்றால், அந்த வீடு எதற்கு? தெர்மாமீட்டர் குடியிருக்கவா?

இங்கேதான் எங்கள் தெருக் கோடி வீடுகளை மறுபடியும் உற்றுப் பார்க்க வேண்டியிருக்கிறது. இரண்டுமே காங்கிரீட் கூரை போட்டவை. திண்டிவனம் வட்டாரத்து மே மாத வெயிலைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பகல் முழுவதும் அந்த வெயிலைக் காங்கிரீட் தளம் குடித்து வைத்துக்கொள்கிறது. பொழுது சாய்ந்து, வெளியே ஏரிக் காற்று வீசத் தொடங்குகிற நேரத்தில், குடித்ததை எல்லாம் உள்ளே கக்க ஆரம்பிக்கிறது. மனிதர்கள் படுக்கப் போகும் நேரமும் அதுதான். ஜன்னலைத் திறந்தால் காற்று வரும். கூடவே கொசுவும் வரும். இளையவர் வீட்டில் பரீட்சைக்குப் படிக்கிற பெண் இருக்கிறாள். ஜன்னலைச் சாத்தி ஏ.ஸி.யைப் போடுகிறார்கள். மூத்தவர் வீட்டில் ஜன்னலுக்குக் கொசுவலை அடித்திருக்கிறார்கள். ஆண்கள் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்துப் படுக்கிறார்கள். அந்த வீட்டுப் பெண்கள்? அவர்கள் உள்ளேதான். மூத்தவரின் சிக்கனத்தில் ஒரு பகுதியை அவருடைய மனைவி தம் தூக்கத்தைக் கொடுத்து வாங்குகிறார். இப்போது சொல்லுங்கள், யார் ஊதாரி, யார் உத்தமர்?

ஆகவே வீடும் சும்மா இருக்கவில்லை. மனிதன் சுவிட்சைப் போடுவதற்கு முன்னால், வீடு அவனை அந்தச் சுவிட்சை நோக்கித் தள்ளிக்கொண்டு போய் நிறுத்துகிறது. மேற்குச் சுவரில் நிழல் இல்லாமல் கட்டியவன், காற்று நுழைந்தால் வெளியேற எதிரில் வழி வைக்காதவன், பக்கத்து வீட்டுச் சுவருக்கு ஒரு முழ இடைவெளியில் ஜன்னல் வைத்து அதை ஜன்னல் என்று சொல்லிக்கொண்டவன், இவர்கள் எல்லோருமே அந்தச் சுவிட்சின் மேல் ஒரு விரல் வைத்திருக்கிறார்கள்.

உடனே சிலர், "அந்தக் காலத்து வீடு மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விடுவார்கள். திண்ணை, முற்றம், நாட்டு ஓடு, தடித்த மண் சுவர்! வாஸ்தவம்தான். ஓட்டின் இடுக்குகள் வழியாகச் சூடான காற்று மேலே போய்விடும். முற்றம் வீட்டுக்கு மூக்குப் போன்றது. ஆனால் அந்த வீட்டின் அடுக்களையையும் நினைத்துப் பார்க்க வேண்டும். புகைக்கு நடுவில் விறகடுப்பை ஊதியவர்கள் யார்? முற்றத்து நிலவை ரசித்தவர்கள் யார்? பழைய வீடு மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவில்லை. மின்சாரம் செய்ய வேண்டிய வேலையைப் பெண்கள் செய்தார்கள். மிச்சம் என்கிற வார்த்தையை உபயோகிக்கும்போது, அது யாரிடமிருந்து மிச்சமானது என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பழமைக்குத் திரும்பாமலே மனிதனை மதித்துக் கட்டிய வீடு ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. திண்டிவனத்தில் பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடக் குறையப் போகும் தூரத்தில், புதுச்சேரியில், கோல்கொண்டா என்ற கட்டடம். அரவிந்தர் ஆசிரமத்தின் தங்கும் விடுதி அது. ஹைதராபாத் நிஜாமின் திவானாக இருந்த ஸர் அக்பர் ஹைதரியின் முயற்சியால் கிடைத்த பொருளுதவிதான் கட்டடத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தது. செக் நாட்டில் பிறந்து ஜப்பானில் தொழில் நடத்திய அன்டோனின் ரேமண்ட் என்ற கட்டடக் கலைஞர் திட்டம் போட்டுக் கொடுத்தார். ஜார்ஜ் நாகஷிமாவும் ஃப்ரான்டிஷெக் ஸாம்மரும் கூட இருந்து கட்டினார்கள். 1937-ல் ஆரம்பித்த வேலை உலக யுத்தத்தின் நெருக்கடிகளுக்கு இடையில் 1940-களில் முடிந்தது.

அதுவும் காங்கிரீட் கட்டடம்தான். ஆனால் கண்ணாடி ஜன்னல் கிடையாது. வடக்கிலும் தெற்கிலும் முகப்பு முழுவதும், மேலிருந்து கீழாக, படுக்கை வாட்டில் அடுக்கிய அகலமான பலகைகள். அவற்றை வேண்டிய கோணத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம். காற்று வேண்டுமா, திற. சாரல் அடிக்கிறதா, சாய்த்துக்கொள். வெயில் தாழ்கிறதா, மூடு. அறைகளின் தேக்குக் கதவுகளும் காற்றுப் போகிற மாதிரி இடைவெளி விட்ட சட்டங்களால் ஆனவை. காற்று போகும், பார்வை போகாது. கூரைக்கு மேல் இன்னொரு கூரை. இரண்டுக்கும் நடுவே காற்றோட்டம். வெயில் முதல் கூரையோடு நின்றுவிடும். வங்கக் கடலோரத்துப் புழுக்கத்தில் அந்தக் கட்டடம் இத்தனை ஆண்டுகளாக ஏ.ஸி. இல்லாமலே நின்றுகொண்டிருக்கிறது.

அந்த வீட்டின் விசேஷம் காற்றோட்டம் மட்டுமன்று. அது தானாக எதையும் செய்துவிடுவதில்லை. குடியிருப்பவன் எழுந்து போய்க் கைப்பிடியைத் திருப்ப வேண்டும். அவன் திருப்பாவிட்டால் மழை உள்ளே வரும். அது அவன் பாடு. அந்த வீட்டைக் கட்டியவர்கள் மனிதனைக் கணக்கின் பிழையாகக் கருதவில்லை. அவனை வீட்டின் ஓர் அங்கமாகவே வைத்துக் கட்டினார்கள். கட்டட நிபுணன் பாதி வேலை செய்தான். மீதிப் பாதியை, மரியாதையாக, குடியிருப்பவன் கையில் கொடுத்தான். அங்கே தங்குகிறவர்கள் ஒரு கட்டுப்பாட்டை ஏற்று வந்தவர்கள், எல்லோருக்கும் அது முடியுமா என்று கேட்கலாம். முடியாமற் போகலாம். ஆனால், கைப்பிடியே இல்லாத வீட்டில் கட்டுப்பாடு உள்ளவனும் என்ன செய்ய முடியும்?

இதற்கு நேர் எதிரான வீடுகளைச் சென்னையில் ராஜீவ் காந்தி சாலையின் இரு புறமும் காணலாம். அடி முதல் முடி வரை கண்ணாடி. ஒரு ஜன்னலையும் திறக்க முடியாது. வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே வேலை செய்கிற பெண்கள் சால்வை போர்த்திக்கொண்டிருக்கிறார்கள். குளிரைக் குறைக்க அவர்கள் கையில் ஒரு பித்தானும் இல்லை. அது எங்கோ ஓர் அறையில் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. எத்தனை டிகிரி மனிதனுக்குச் சுகம் என்று எந்தக் குளிர்நாட்டுப் புத்தகத்திலோ எழுதியிருந்ததை நாம் வேதமாக எடுத்துக்கொண்டோம்.

ஆமதாபாத்திலுள்ள செப்ட் பல்கலைக் கழகத்தினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சென்னை, பெங்களூர், ஆமதாபாத், டில்லி, சிம்லா ஆகிய ஐந்து ஊர்களின் அலுவலகங்களில் ஆயிரக் கணக்கான பேரிடம், "இப்போது உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று கேட்டு, 2014-ல் முடிவுகளைத் தொகுத்தார்கள். ஜன்னல் திறந்த கட்டடங்களில், வெளிப் பருவத்துக்குத் தகுந்தபடி, 19.6 டிகிரியிலிருந்து 28.5 டிகிரி வரையில் நம்மவர்களுக்குச் சுகமாகவே இருந்திருக்கிறது. சுகம் என்பது ஓர் எண் அல்ல. உடம்பும் ஊரும் செய்துகொள்ளும் ஓர் உடன்படிக்கை. 2020 ஜனவரியிலிருந்து, நட்சத்திர முத்திரை பெறும் அறை ஏ.ஸி.கள் 24 டிகிரியில்தான் ஓடத் தொடங்க வேண்டும் என்று மத்திய அரசு விதி செய்தது. வேண்டுமென்றால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் தொடக்கம் அங்கே. இது புத்திசாலித்தனமான விதி. காலையில் அறைக்குள் நுழைந்து ஒரே ஒரு தடவை யோசிக்கிற ஹன்ட் கண்ட மனிதனை நன்றாகத் தெரிந்துகொண்டு செய்த விதி.

அப்படியானால் எல்லாவற்றையும் யந்திரத்திடமே விட்டுவிட்டால் என்ன? ஆள் இல்லாவிட்டால் தானே அணைகிற விளக்கு வந்துவிட்டது. வெயிலுக்குத் தகுந்தபடி தானே இறங்குகிற திரை வந்துவிட்டது. மனிதன் நல்லவனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லாமல் நல்ல காரியம் நடந்துவிடுகிறதே! இதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்து விளக்கு தானாக அணைவதால் யாருடைய ஆத்மாவும் குன்றிப் போய்விடாது. ஆனால் யந்திரம் மிச்சம் பிடிப்பதை மனிதன் செலவழிக்கக் கற்றுக்கொள்கிறான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஸ்டான்லி ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார நிபுணர் 1865-லேயே இதைச் சொன்னார்: நீராவி யந்திரம் குறைந்த நிலக்கரியில் நிறைய வேலை செய்யத் தொடங்கியபோது, நாட்டில் நிலக்கரிச் செலவு குறையவில்லை, ஏறிற்று. நம் வீடுகளிலும் பாருங்கள். பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுத்தது; இப்போது வரும் புது வகை 30 வாட் அளவில் ஓடுகிறது. "அது கரண்டே இழுக்காதே!" என்று சொல்லிக்கொண்டு, ஆளில்லாத கூடத்தில் அதை ஓட விட்டுவிட்டு அடுத்த அறையில் உட்கார்ந்திருக்கிறோம்.

யந்திரம் கையைக் கட்டலாம், கண்ணைத் திறக்காது. கண்ணைத் திறக்க வேறு வழி உண்டு என்பதற்கும் ட்வின் ரிவர்ஸே சாட்சி. அங்கே சில வீட்டாருக்கு மட்டும் அவர்கள் செலவழித்த மின்சாரம் எவ்வளவு என்பதை அடிக்கடி தெரிவித்துப் பார்த்தார்கள். வேறு உபதேசம் ஒன்றும் செய்யவில்லை. செலவில் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. நம் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இது புதிதல்ல. 2016-ல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று ஆக்கினார்கள். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறிவிடும். கணக்கெடுக்கும் நாள் நெருங்க நெருங்க, மீட்டர்ப் பெட்டிக்கு முன்னால் நின்று இல்லத்தரசிகள் காட்டுகிற கவனத்தை எந்த நிபுணரும் தோற்கடிக்க முடியாது. அந்தச் சமயத்தில் வீட்டில் நடப்பதை ஒரு சுதந்திரப் போராட்டம் என்றே சொல்லலாம். பார்க்க முடிகிறவர்கள் பொறுப்பேற்கிறார்கள். ஆனால், வாடகைக்கு இருக்கிறவர்களில் எத்தனையோ பேருக்குத் தனி மீட்டர் கிடையாது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொன்னதைக் கொடுக்க வேண்டியதுதான். அனல் கக்குகிற தளத்தைக் கட்டியவர் வேறொருவர். அதற்கு அபராதம் கட்டுகிறவர் வேறொருவர்.

இத்தனையும் யோசித்த பிறகு என் அபிப்பிராயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடா, வீட்டில் இருப்பவனா என்ற கேள்விக்கு ஒருவரைக் காட்டிப் பதில் சொல்ல முடியாது. ஆனால் பொறுப்பைப் பங்கு போட ஓர் அளவுகோல் உண்டு. எவன் கையில் எவ்வளவு பெரிய கைப்பிடி இருக்கிறதோ, அவனுக்கு அவ்வளவு பொறுப்பு. குடியிருப்பவன் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை முடிவு செய்கிறான். ஒவ்வொன்றும் சிறியது, மறு நாள் மாற்றிக்கொள்ளலாம். வீட்டைக் கட்டுகிறவன் ஒரே ஒரு தடவை முடிவு செய்கிறான். அது ஐம்பது ஆண்டு நிற்கும், மாற்ற முடியாது. விதி செய்கிற அரசு ஒரு கையெழுத்தில் பல லட்சம் சுவர்களைப் பற்றி முடிவு செய்கிறது. வீடுகளின் சுவரும் ஜன்னலும் எப்படி அமைய வேண்டும் என்று 2018-ல் மத்திய அரசு ஒரு நெறித் தொகுப்பு வெளியிட்டது. அது அலமாரியில் உறங்குமா, கொத்தனாரின் ரசமட்டம் வரை இறங்கி வருமா என்பதில்தான் அதன் தர்மம் இருக்கிறது. பெரிய கைப்பிடி உள்ளவர்கள், சிறிய கைப்பிடி உள்ளவனைப் பார்த்து, "விளக்கை அணை" என்று உபதேசம் செய்வது சுலபம். தகரக் கொட்டகைக்குள் ஒற்றை விசிறியின் கீழ் நான்கு குழந்தைகளோடு புழுங்குகிறவளுக்குச் சிக்கனத்தைப் போதிப்பது உபதேசமல்ல, கொடுமை.

அதற்காக, கைப்பிடி உள்ளவர்கள் கையைக் கட்டிக்கொண்டு கட்டடத்தின் மேல் பழி போடவும் கூடாது. ஏ.ஸி. குளிர்ச்சியை உண்டாக்குவதாக நாம் நினைக்கிறோம். அது எதையும் உண்டாக்குவதில்லை. நம் அறையின் வெப்பத்தை அள்ளி, தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து, சுவருக்கு வெளியே கொட்டுகிறது. நெருக்கமான தெருவில் சுவருக்கு வெளியே இருப்பது ஆகாயமல்ல. பக்கத்து வீட்டு ஜன்னல். நம் அறை குளிர்கிற அளவுக்கு மேலேயே அவர் அறை காய்கிறது. அவர் ஜன்னலைச் சாத்துகிறார். பணம் இருந்தால் அவரும் ஒன்று வாங்கி மாட்டுகிறார். பணம் இல்லாவிட்டால் சாத்திய ஜன்னலுக்குள் இருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஏ.ஸி.யைப் போட வேண்டிய இரவுகள் வரத்தான் செய்யும். வீட்டில் நோயாளி இருக்கலாம், கைக்குழந்தை இருக்கலாம், உயிரை வாட்டுகிற புழுக்கமாகவும் இருக்கலாம். போட்டுக்கொள்ளட்டும். முழு வேகத்தில் ஓடும் ஒன்றரை டன் ஏ.ஸி. ஒரு மணி நேரத்தில் செலவழிப்பது, ஒரு பழைய மின்விசிறி இருபது மணி நேரம் ஓடுகிற மின்சாரம் என்பதை மட்டும் தெரிந்துகொண்டு போடட்டும். கணக்குப் போடுகிற யந்திரத்துக்கு மனிதன் 100 வாட் வெப்பம், ஓர் அட்டவணை, நூற்றில் இத்தனை என்கிற ஒரு விகிதம். ஆனால், செங்கல், சிமெண்ட், கண்ணாடி, கம்பி என்று ஒரு கட்டடத்தில் இருக்கிற அத்தனை பொருள்களிலும், சுவருக்கு அந்தப் பக்கம் யார் இருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்க்கக் கூடியது அவன் ஒருவன்தான். அவன் நினைத்துப் பார்ப்பதற்குக் கையெட்டும் தூரத்தில் ஒரு ஜன்னலாவது வைத்துக் கட்டுவது, கட்டுகிறவர்களின் கடமை.